படுத்த ரெண்டின் ஓரம்

"வித்துத்தான் ஆகணும்! செத்தவங்க வீட்டுல இருக்கறவங்க சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டா மத்தவங்க பாகம் என்ன ஆகறது?"

கோரினின் குரல் அடுப்படி ஜன்னலைத் தாண்டி, பனி உருகிச் சேறாய்க் கிடந்த தெருவையும் தாண்டி, எதிர்வரிசைத் தபால் பெட்டிகள்வரை கேட்டது. அந்த வரிசைக்காரர்கள் அன்றைக்கு மறுபடி மறுபடி தபால் எடுக்க வெளியே வந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, தபால் வராத நாள். அதை யாரும் யாருக்கும் நினைவூட்டவில்லை.

"சம்மணமா? அம்மா படுக்கையில கிடந்தப்ப இந்த வாசப்படிய மிதிச்சிருக்கியா நீ? கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்னித்தொடை ஹாம், ஈஸ்டருக்கு ஒரு ஹாம். அதையும் நீயே வெட்டித் தின்னுட்டுப் போயிடுவ!" என்றாள் மார்லிஸ்.

"ஹாமைப் பத்திப் பேசாத மார்லிஸ்!" என்று மேசையைத் தட்டினான் கோரினின் கணவன் வெர்லின். மனைவியின் சமையலைக் குறை சொல்லும் உரிமை தனக்கு மட்டும்தான் என்பது அவன் கொள்கை.

மார்லிஸும் வெர்லினும் எய்லர்ஸ் வீட்டின் அக்காள் தம்பி. இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைத்தெருவில் ஒட்டுப்போர்வைத் துணிக்கடை வைத்திருக்கிறாள். அவனுக்கு விதைச்சோள வியாபாரம். ஊருக்கு வெளியே புது வீடு, மூன்று கார் நிற்கிற கொட்டகை. அம்மா ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போனது இரண்டே இரண்டு: இந்த மர வீடு, பியானோவுக்கு மேலே சட்டத்தில் தொங்கிய பழைய ரெண்டு டாலர் நோட்டு.

சண்டை இந்தக் கட்டத்தில் இருக்கும்போது பின்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு லவான் ஹின்ரிக்ஸ் உள்ளே வந்தாள். "என் பாத்திரத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். சண்டை போடுங்க, சண்டை போடுங்க. நான் ஓரமா நின்னுக்கறேன்."

சாவு வீட்டுக்கு அவரவர் வேகவைத்த பதார்த்தம் கொண்டுவருவதும், பாத்திரத்தின் அடியில் பெயரெழுதிய டேப் ஒட்டியிருப்பதும் ஹெரன் பெண்ட் என்ற அந்த அயோவா ஊரில் வழக்கம். லவான் மட்டும் தன் பாத்திரத்தைத் திரும்ப வாங்க நல்ல சண்டையாகப் பார்த்துத்தான் வருவாள். விதவை, உருண்டையான உடம்பு, கூர்மையான காது. அவளிடம் ஒன்றைச் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்று. மணிக்காவது கயிற்றை இழுக்க ஆள் வேண்டும்.

மூன்றாம் ஆள் வந்ததும் மார்லிஸுக்குத் தைரியம் வந்தது. பல நாளாய் மனசுக்குள் தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்த பேச்சை எடுத்தாள். "இதோ பாரு, லவானே சாட்சி. நோட்டை நீங்க எடுத்துக்குங்க. வீட்டை எனக்கு விட்டுடுங்க. முடிஞ்சது கதை."

வெர்லினும் கோரினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோரினின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து, உடனே அடக்கப்பட்டது.

அந்த நோட்டைப் பற்றி அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, வாஷிங்டன்காரர்கள் ஊர் ஊருக்கு இருந்த பேங்குகளுக்கு அந்தந்த ஊர்ப் பெயரையே போட்டு நோட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். தாள் தாளாக வரும். ஒரு தாளில் மூன்று ஒரு டாலர், அடியில் ஒரு ரெண்டு டாலர், நாலுக்கும் ஒரே நம்பர். பேங்கின் காசாளரும் தலைவரும் பேனாவால் கையெழுத்துப் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி வெளியே விடவேண்டும். ரெண்டு டாலரின் முகப்பில் இடப்பக்கம் கொடியேந்திய பெண் ஒருத்தி. வலப்பக்கம் பெரிய எழுத்தில் '2' என்ற எண், மத்தியானச் சாப்பாடு முடித்த ஆள்போலப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அதனால் சேகரிப்பவர்கள் அதைச் சோம்பேறி ரெண்டு என்பார்கள். எங்கள் ஊரில் படுத்த ரெண்டு. முதுகில், ராலே துரை இங்கிலாந்துக்காரர்களிடம் மக்காச்சோளத்தையும் புகையிலையையும் காட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் சோளம் நோட்டிலேயே ஏறியது என்பதில் அயோவாக்காரர்களுக்கு இன்றும் ஒரு மிதப்பு உண்டு.

ஹெரன் பெண்ட் பேங்க் எப்போதோ மூழ்கிவிட்டது. அது வெளியிட்ட ரெண்டு டாலரில் உலகத்தில் மிஞ்சியதாகத் தெரிவது எய்லர்ஸ் வீட்டு நோட்டு ஒன்றுதான். அதில் காசாளராகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் ஹார்ம் எய்லர்ஸ், இவர்களுடைய கொள்ளுத்தாத்தா. வெட்டியவரும் அவரே. கோணலாக வெட்டினார். மேல் ஓரத்தில் இடது கோடியில் பக்கத்து ஒரு டாலரின் சரிகைக் கரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்து, வலது கோடிக்குப் போகப்போக மெலிந்து, எலிவால் மாதிரி முடியும். அன்றைக்கு மனைவிக்குப் பிரசவ வலி, கை நடுங்கிவிட்டது என்று எய்லர்ஸ் குடும்பம் சொல்லும். கை நடுங்கியது உண்மை, காரணம் பிளம் பிராந்தி என்று மற்றக் குடும்பங்கள் சொல்லும்.

"சரி," என்றாள் கோரின். "நான் ஏற்கெனவே விசாரிச்சுட்டேன். வென்டல் கூப்மன்னு ஒருத்தர், பழைய நோட்டு வியாபாரி. ஊர் நூற்றாண்டு விழாவப்ப பேப்பர்ல வந்த பழைய போட்டோவைப் பாத்திருக்கார். அவர்கிட்ட ஒரு டாலர் ஒண்ணு இருக்காம். நம்ம பேங்க். அதே தாள், அதே நம்பர். நம்ம நோட்டுக்கு நேர் மேல இருந்தது. ரெண்டையும் சேர்த்து வெச்சா வெட்டு வெட்டோட பொருந்துமாம். அப்படி ஒரு ஜோடி எங்கயுமே இல்லையாம்."

"எவ்ளோ குடுப்பாராம்?" கேட்டது லவான்.

"பாதி வீட்டு விலை!" என்றாள் கோரின், ஊருக்கே சொல்வதுபோல. லவானிடம் சொன்னால் அதுவும் அப்படித்தான். "ஆனா அந்தக் கோணல் ஓரம் இருக்கணும். அதுதான் உயிர்னார். அது அப்படியே இருந்தா வீடு உனக்கு மார்லிஸ், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அம்மா விட்டுப்போன மாதிரி நோட்டு இல்லேன்னா, ஒப்பந்தமும் இல்ல. மறுநாளே வாசல்ல 'விற்பனைக்கு' பலகை."

மார்லிஸ் கையிலிருந்த காப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

கோணல் ஓரத்தை அவள் வெட்டிவிட்டாள்.

திருட்டுத்தனமாக ஒன்றும் இல்லை. அம்மாவின் சவ அடக்கத்தன்று, தேவாலயத்தில் நினைவு மேசை போடுவார்களே, செத்தவரின் போட்டோ, மூக்குக்கண்ணாடி, பிடித்த பாடல் புத்தகம் எல்லாம் வைத்து, அதில் வைக்க நோட்டுக்குப் புதுச் சட்டம் வாங்கினாள். உள்ளே வைக்கும் அட்டை நேர் செவ்வகம், நோட்டு கோணல். வைத்துப் பார்த்தாள், கண்ணை உறுத்தியது. நாள் பூராவும் துணியைச் சதுரம் பார்த்து வெட்டுகிற கை அது. ஓரம் ஒரு நூல் பிசகினால் போர்வை முழுக்கப் பிசகும் என்று பழகிய கண். யோசிக்கவே இல்லை. துணி வெட்டும் பச்சைப் பலகையின் மேல் நோட்டை வைத்து, கண்ணாடி அளவுகோலை அழுத்தி, சக்கரக் கத்தியை ஒரு இழுப்பு இழுத்தாள். எலிவால் தனியாக வந்தது. 'இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்க' என்று நோட்டிடம் சொன்னதுகூட நினைவிருந்தது.

"இப்பவே சட்டத்தைக் கழட்டிப் பாத்துடலாமா?" என்றாள் கோரின்.

"வேண்டாம்!"

கத்தியது மார்லிஸ் அல்ல. அவள் வாயைத் திறப்பதற்குள் வெர்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. "வென்டல் வந்து அவரே திறக்கட்டும். நம்ம கை படவேண்டாம். சனிக்கிழமை படைவீரர் மண்டபத்துல காசுக் கண்காட்சிக்கு வர்றார்ல? அங்க கொண்டு போவோம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

மார்லிஸுக்கு அந்த நேரத்தில் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஏன் கத்தினான் என்று யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. யோசித்தது லவான். பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகும்போது இருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அவர்கள் போனதும் மார்லிஸ் கதவைச் சாத்தி, சட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். அட்டைக்குள்ளே நோட்டு நேராக, லட்சணமாக, படுத்த ரெண்டோடு படுத்திருந்தது.

எலிவால் எங்கே? அதைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டால்? வெட்டு மெல்லிசுதான். கோதுமை மாவுப் பசை, ஒரு ஊசிமுனை அளவு. யாருக்குத் தெரியும்? நோட்டுப் பார்த்தே நரைத்தவனுக்குத் தெரியாதா என்று இன்னொரு குரல் கேட்டது. அந்தக் குரல் அம்மாவுடையது மாதிரியே இருந்தது.

பலகைக்கு அடியில் தேடினாள். தையல் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தாள். குப்பை, எப்போதோ போயிருக்கும். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, தையற்காரி குப்பையில் எதையும் போடுவதில்லை. வெட்டின நூல், பிசிறு, துண்டு எல்லாவற்றையும் பலகையிலிருந்து ஒரே வழிப்பாக வழித்து மேசையோரப் பையில் தள்ளுவது வழக்கம். பை நிறைந்தால் தேவாலய அடித்தளத்துக்குப் போகும். அங்கே பெண்கள் அந்தப் பிசிறை அடைத்து, நாய்க் காப்பகத்துக்கு மெத்தை தைப்பார்கள்.

பை நிறைந்து, போன வாரமே போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து மதியம் சாப்பிட வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பியானோவுக்கு மேலே சட்டம் சாய்ந்து தொங்கியது. காலையில் நேராக இருந்தது. கோணலாய் ஏதாவது தொங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது. நேராக இருந்தது நிச்சயம். தரையில், பியானோவின் அருகே, அரைக் காலடி அளவுக்கு ஈரச் சேறு.

யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். யாரோ என்ன, கோரின்தான். வந்து, பார்த்து, சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். சனிக்கிழமை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்பதற்காகப் பொத்தி வைத்திருக்கிறாள். மார்லிஸ் சாப்பிடாமல் திரும்பிப் போனாள். போகுமுன் கதவைப் பூட்டினாள். சாவி எங்கே இருக்கிறது என்று தேடவே வெகுநேரம் ஆயிற்று. அந்தத் தெருவில் கதவைப் பூட்டியவர்கள் அதுவரை யாரும் இல்லை. சாயங்காலத்துக்குள் 'மார்லிஸ் வீட்டைப் பூட்டறாளாமே' என்பது ஊரார் கூடிப் பேசும் தானியக் கிடங்குக் காப்பி மேசைவரை போய்விட்டது. ஒருவர் கொள்ளைக்காரர்கள் என்றார். ஒருவர் காதலன் என்றார். இரண்டாவதை யாரும் நம்பவில்லை, ஆனால் அதைத்தான் அதிகம் பேசினார்கள்.

மறுநாள் வெர்லினின் டிரக் அவள் கடைக்கு எதிரே வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் மட்டும் கடையைப் பார்த்தபடி. துணி வாங்க வந்தவளுக்கு மார்லிஸ் இரண்டு கஜத்துக்குப் பதில் மூன்று கஜம் வெட்டிக் கொடுத்தாள். மறுபடி நிமிர்ந்தபோது டிரக் போயிருந்தது. காவல் காக்கிறான், என்று நினைத்தாள். நோட்டோடு ஓடிவிடுவேன் என்று காவல் காக்கிறான். சொந்தத் தம்பி.

அன்று மாலையே தேவாலய அடித்தளத்துக்குப் போனாள். பெண்கள் நீள மேசையில் உட்கார்ந்து மெத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்து முடித்தவை சுவரோரம் கொழுத்த பன்றிகள்போல அடுக்கியிருந்தன. மார்லிஸ் யாருக்கும் முகமன் சொல்லாமல், மேலே இருந்த மெத்தையை எடுத்து, தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, நாய் மெத்தை மேல என்ன கோபம்?" என்றாள் ஒருத்தி.

"ஊசி," என்றாள் மார்லிஸ். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். வார்த்தை உலர்ந்து வந்தது. "என் பையில ஊசி ஒண்ணு விழுந்துடுச்சு. ஏதாவது நாயைக் குத்திட்டா?"

அவ்வளவுதான். ஹெரன் பெண்ட் பெண்களுக்கு மனிதனைக் குத்தினால் பரவாயில்லை, நாயைக் குத்தக்கூடாது. ஆளுக்கொரு மெத்தையைப் பிரித்துக் கொட்டினார்கள். அடித்தளம் முழுக்கப் பஞ்சும் பிசிறும் பறந்தது. ஒருத்தி தும்மினாள், ஒருத்தி காந்தம் கொண்டுவரலாம் என்றாள். மார்லிஸ் மண்டியிட்டு, சிவப்பு, நீலம், பூப்போட்டது என்று விரலால் அளைந்துகொண்டே இருந்தாள். ஒரு பக்கம் கறுப்புக் கோடு, மறு பக்கம் பச்சை, எலிவால் அளவு காகிதம். கிடைக்கவில்லை. கடைசி மெத்தையும் காலியானபோது கால் மரத்துப்போய், எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. மேசையின் கோடியில் லவான் உட்கார்ந்திருந்தாள். ஒரு மெத்தையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, மார்லிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லவான் பேசினால் ஊருக்குப் பயம். லவான் பேசாவிட்டால் என்ன செய்வதென்று யாருக்குமே தெரியாது. அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை.

"ஊசி கெடைச்சா சொல்றேன் மார்லிஸ்," என்றாள், வெளியே போகும்போது.

சனிக்கிழமை வந்தே விட்டது. மண்டபத்தில் வரிசையாக மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள். செவ்விந்தியத் தலை பொறித்த காசு, வெள்ளி டாலர், போர்க்காலப் பதக்கம். மூலையில் காப்பியும் ஹாம் சாலட் ரொட்டியும். காசு வாங்க வந்தவர்கள் கொஞ்சம். எய்லர்ஸ் நோட்டு விற்பதைப் பார்க்க வந்தவர்கள் மீதி எல்லோரும். மார்லிஸ் சட்டத்தைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நடை தெரியாத குழந்தையைத் தூக்கிவருவதுபோல என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வீட்டின் ஒவ்வொரு அறையும் அவள் கண்ணில் வந்து போயிற்று. கிழக்கு ஜன்னல். மூன்றாம் படியின் முனகல். அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் தரை வெளுத்திருக்கிற சதுரம்.

வென்டல் கூப்மன் நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர். மனைவியை இழந்தவர் என்பதை மண்டபத்துப் பெண்கள் அவர் கோட்டுப் பொத்தானைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார்கள்; வேறு வேறு நிற நூலால் தைத்திருந்தது. கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. மனிதர்களிடம் பேசுவதைவிட நோட்டுகளிடம் அதிகம் பேசுவார் போலிருந்தது. அவருக்கு முன்னால் கண்ணாடித் தாளுக்குள் அந்த ஒரு டாலர். இரண்டு பெண்கள் கைகோத்து நிற்கிற படம், அடியில் ஹெரன் பெண்ட். கீழ் ஓரம் கோணல்.

கோரின் முழங்கையால் இடித்தாள். "திறங்க, திறங்க."

வெர்லின் பின்னால் நின்றான். குளிர் விடாத மார்ச்சிலும் நெற்றியில் வேர்வை.

வென்டல் சட்டத்தின் முதுகைத் திறந்தார். அட்டையை எடுத்தார். நோட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். பூதக்கண்ணாடி மேல் ஓரத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

"இது புதுசா வெட்டினது," என்றார்.

காப்பிக் கெண்டி மட்டும் கொதித்தது.

"மத்த மூணு ஓரமும் பழுப்பு. இது வெள்ளை. நேர்க்கோடு. கத்தரிக்கோல் இல்ல, ஏதோ உருண்டு போற கத்தி." நிமிர்ந்தார். "யாரும்மா வெட்டினது?"

கோரின் மெதுவாகத் திரும்பினாள். ஊரில் உருண்டு போகிற கத்தி யாரிடம் இருக்கிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான்," என்றாள் மார்லிஸ். "அம்மாவோட நினைவு மேசைக்கு. சட்டத்துல நேரா உக்காரல. நான்... எனக்குக் கோணலா இருந்தா தாங்காது."

"தாங்காதா? இப்ப வீடு போகுது பாரு, அதைத் தாங்கு மகராசி!" கோரினின் விரல் அவள் முகத்துக்கு நேரே வந்தது. "எல்லாரும் கேட்டீங்கல்ல? அவளே ஒத்துக்கிட்டா. அம்மா விட்டுப்போன மாதிரி நோட்டு இல்ல. திங்கக்கிழமை பலகை!"

மார்லிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயந்ததெல்லாம் நடந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். போகவில்லை, பலகையோடு சேர்த்து அடுத்த பயமெல்லாம் வரிசையில் நின்றது.

"கொஞ்சம் இருங்க," என்றது ஒரு குரல். லவான், கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு சமையல் குறிப்பு அட்டையை எடுத்தாள். 'உருளைக்கிழங்கு வேகவைத்தது' என்று எழுதியிருந்த அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், கறுப்புக் கோடு போட்ட ஒரு எலிவால்.

"போன வாரம் மெத்தை அடைக்கும்போது என் ஸ்வெட்டர்ல ஒட்டிக்கிச்சு. ஒரு பக்கம் பச்சை. அமெரிக்காவுல எது பச்சையா இருந்தாலும் நான் தூக்கிப்போடறதில்ல."

"அப்ப அன்னிக்கே தெரியுமா உனக்கு?" மார்லிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "நான் மண்டி போட்டுத் தேடினப்ப உன் பையில இருந்துச்சா?"

"குடுத்திருந்தா நீ பசை போட்டு ஒட்டியிருப்ப. உன் முகமே சொல்லுச்சு."

"ஒட்டியிருந்தா நான் கையாலயும் தொட்டிருக்கமாட்டேன்," என்றார் வென்டல். முதல்முறையாக நோட்டிலிருந்து கண்ணை எடுத்து ஒரு மனிதரைப் பார்த்தார். பார்த்தது லவானை. பிறகு இடுக்கியால் எலிவாலை எடுத்து, ஒரு டாலரின் கீழ் ஓரத்தில் பொருத்தினார். அறுந்திருந்த சரிகைக் கரை கூடியது. படுத்த ரெண்டை அடியில் தள்ளினார். ஹார்ம் எய்லர்ஸின் நடுங்கிய கை ஒரு கோடாய் எழுந்து நின்றது.

மண்டபமே குனிந்து பார்த்தது.

"பொருந்துது! அப்ப பாதி வீட்டு விலைதானே?" என்றாள் கோரின், சட்டென்று குரல் இனித்து.

வென்டல் நோட்டைத் திருப்பி, ராலே துரையின் முதுகில் விரல் நுனியை ஓட்டினார். விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தார். முகம் வாடியது. "வெட்டினது போகட்டும், துண்டு இருக்கு. ஆனா இதுக்கு மருந்தில்ல. செதுக்கின தகட்டுல வெச்சு அழுத்தி அடிச்ச நோட்டு இது. மை மேடு தட்டி நிக்கணும். பின்னால தடவினா குழி தெரியணும். இது கண்ணாடி மாதிரி வழவழங்குது. யாரோ சோப்புப் போட்டுத் துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்ச்சிருக்காங்க. ரொம்ப வருஷத்துக்கு முந்தி."

"அதுவும் இவதான்! இஸ்திரிப் பெட்டியோடவே பொறந்தவ!" என்றாள் கோரின்.

"நான் இல்ல," என்றாள் மார்லிஸ். சொல்லும்போதே அவளுக்குச் சேற்றுக் காலடி நினைவுக்கு வந்தது. எதிரே நின்ற டிரக். சட்டத்தைத் திறக்கப்போனபோது 'வேண்டாம்' என்று கத்திய குரல். திரும்பினாள்.

வெர்லினின் காதுகள் தக்காளிபோலச் சிவந்திருந்தன.

"ஊர் நூற்றாண்டு விழாவுக்கு," என்றான். குரல் சின்னப் பையனுடையதுபோல் இறங்கியிருந்தது. "காட்சிக்கு வெக்க எடுத்துட்டுப் போனேன். திராட்சை சோடா கொட்டிடுச்சு. அம்மாவுக்குத் தெரியறதுக்குள்ள... துவைச்சேன். அப்புறம் சுருங்கிப் போச்சு, தேய்ச்சேன். அம்மா பாத்துட்டு, 'எவ்ளோ பளிச்சுனு ஆயிடுச்சு'ன்னாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள்ள வந்தது நீயா?"

"பாத்தா தெரியுதான்னு பாக்க வந்தேன். திறக்கத் தைரியமில்ல. அப்புறம் உன்கிட்ட சொல்லிடலாம்னு கடைக்கு வந்தேன். அதுக்கும் தைரியமில்ல."

வாரம் பூராவும் அவள் எந்த டிரக்கைப் பார்த்து நடுங்கினாளோ, அந்த டிரக்குக்குள் அவனும் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அக்காளும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாராவது ஒருவர் சிரித்திருக்கலாம். கோரின் பக்கத்தில் நின்றதால் யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப இப்ப என்ன விலை?" என்று கேட்டாள் கோரின், பல்லிடுக்கில்.

"ஓட்டத்துல இருக்கற ஒரு பழைய டிரக் வாங்கலாம்," என்றார் வென்டல். "நல்ல டயரோட."

"அம்மா விட்டுப்போன மாதிரின்னு நீதானே கோரின் சொன்ன?" லவான் குறுக்கிட்டாள். "நான் பாத்திரம் வாங்க வந்தப்ப, என் காதாலயே கேட்டேன். அம்மா விட்டுப்போனதே இஸ்திரி போட்ட நோட்டுத்தான். போட்டது உன் வீட்டுக்காரன். நான் சரியாத்தான் சொல்றேனா? வெளியில போய் நாலு பேர்கிட்ட சொல்லும்போது தப்பா சொல்லிடக்கூடாது பாரு."

வெர்லின் சுற்றிலும் பார்த்தான். விதைச்சோளம் வாங்குகிற அத்தனை விவசாயியும் அங்கே ரொட்டியோடு நின்றார்கள். அக்காவை வீட்டைவிட்டு இறக்கியவன் என்று ஒரு பேச்சு ஏறிவிட்டால், வசந்தத்தில் விதை மூட்டை கிடங்கிலேயே முளைக்கும்.

"வீடு மார்லிஸோடது," என்றான் சத்தமாக. "எனக்கு அந்த டிரக் போதும்."

மார்லிஸ் மேசையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டாமல் படுத்தாள் என்பது தெருவுக்குத் தெரியும். பயம் முழுதாகப் போயிற்று என்று சொல்ல முடியாது; இன்றைக்கும் பேப்பரில் வருகிற தள்ளுபடிக் கூப்பனைக் கையால்தான் கிழிக்கிறாள், கோணல்மாணலாக. காகிதத்துக்குப் பக்கத்தில் கத்தியைக் கொண்டுபோவதில்லை.

கோரின் அந்தக் கோடை முழுக்க இஸ்திரிப் பெட்டி என்ற சொல்லை வைத்தே வெர்லினை வறுத்தெடுத்தாள். இலையுதிர்காலம் வந்ததும் புது வீட்டை விற்றுவிட்டு இருவரும் அரிசோனாவுக்குக் குடிபோனார்கள். வெயில் நல்லது என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே சட்டை எல்லாம் சுருங்காத துணியாம்.

வென்டல், ஹார்ம் எய்லர்ஸின் கையெழுத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஹெரன் பெண்டுக்கு வந்து போக ஆரம்பித்தார். ஆராய்ச்சி லவான் வீட்டு அடுப்படியில், புளிப்பு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பணியாரத்தோடு நடந்தது. மார்லிஸுக்கும் அவருக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருந்த தானியக் கிடங்குக் காப்பி மேசைக்காரர்கள் முழுக்கத் தோற்றார்கள். அடுத்த ஜூனில் லவானுக்கும் அவருக்கும் தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக் கோட்டில் எல்லாப் பொத்தானும் ஒரே நிற நூல். மார்லிஸ் பச்சையும் கறுப்புமாக ஒரு போர்வை தைத்துக் கொடுத்தாள். லவான் அதை விருந்து மேசையிலேயே விரித்து, ஓரத்தை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "மார்லிஸ், இந்த மூலை கோணல்," என்றாள்.

"தெரியும்," என்றாள் மார்லிஸ்.

பிறகு அவர்கள் வென்டலின் ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். ஹெரன் பெண்டில் இப்போது ஏதாவது நடந்தால் தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆகிறது.